மரை வெட்டுளி அமைத்தல்

மரை வெட்டுளி அமைத்தல் என்பது சி.என்.சி. கடைசல் இயந்திரத்தில் திருகுமரை வெட்டும் உளியின் முனை எங்குள்ளது என்பதை இயந்திரத்துக்குத் துல்லியமாகப் பதிவுசெய்யும் செயலாகும். இராமேசுவரம், பாம்பன், மண்டபம் முதலிய ஊர்களின் விசைப்படகுகளில் உந்துசுழலியைத் தண்டின் முனையில் உள்ள மரையும் நட்டும் பிடித்து வைக்கின்றன. மரை தளர்ந்தால் நடுக்கடலில் சுழலி கழன்றுவிடக்கூடும்.

உயரமும் கோணமும்

மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை ஆகும். உளிமுனை சுழலச்சின் உயரத்திலேயே இருக்க வேண்டும். கோணத்தின் நடுக்கோடு அச்சுக்குச் செங்குத்தாக அமைய வேண்டும். சாய்ந்தால் மரையின் இரு பக்கங்களின் சாய்வும் சமமாக இராது.

எக்ஸ் அச்சு

தண்டைச் சிறிது கடைந்து, மைக்ரோமீட்டரால் விட்டம் அளக்கப்படுகிறது. மரை உளியின் முனை அப்பரப்பைத் தொடும் நிலையில் அந்த விட்டம் பதியப்படுகிறது. புரியிடைத் தூரம் 3 மிமீ எனில் புறமரையின் ஆழம் 0.6134 × 3 = 1.84 மிமீ. விட்டம் 0.1 மிமீ மிகுதியாகப் பதிவானால் மரையும் 0.1 மிமீ மெலிந்து தளரும்.

இசட் அச்சு

உளிமுனை பெரும்பாலும் தகட்டின் ஓரத்தில் இராததால் தண்டின் முகப்பைத் தொட்டு அளக்க இயலாது. முனையை முகப்பு விளிம்புக்கு நேராகக் கண்ணால் நிறுத்திப் பதிவர். இங்கு நேரும் சிறு பிழை மரையின் தொடக்கத்தை மட்டுமே நகர்த்தும், வடிவத்தை மாற்றாது. எனினும் தண்டின் தோளருகே முடியும் மரையில் உளி மோதக்கூடும்.

சரிபார்த்தல்

முதலில் மரை சற்றுத் தடிப்பாக வெட்டப்பட்டு, வளைய அளவியால் சோதிக்கப்படுகிறது. பின்னர் எக்ஸ் பதிவு சிறிது சிறிதாகத் திருத்தப்பட்டு மீண்டும் வெட்டப்படுகிறது. தண்டைப் பிடிப்பியிலிருந்து கழற்றாமலும், சுழல்வேகத்தை மாற்றாமலும் இருந்தால் உளி பழைய பள்ளத்திலேயே செல்லும்.