நெடும்பயணத்திற்கு நம் மிதிவண்டி

தஞ்சைப் பெரிய கோயில் 1987ஆம் ஆண்டிலும், கங்கைகொண்ட சோழபுரமும் எங்களூர்த் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலும் 2004ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. தாராசுரத்திலிருந்து மற்ற இரண்டும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்குள் உள்ளன. மிதிவண்டியில் சென்று வரலாமே என்றால், "கியர் வண்டி வேண்டுமே!" என்று நண்பர்கள் தயங்குகின்றனர். மேல்நிலைப் பள்ளியில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியே போதும். நான் ஓட்டுவதும் அதுவே. அதைப் பயணத்திற்கு ஏற்றதாக்கும் முறையைக் காண்போம்.

நம் காவிரிச் சமவெளியில் மலை இல்லை, காற்று உண்டு. ஆடியில் மேற்கே தஞ்சை நோக்கி மிதிப்போர் இதனை அறிவர். காற்றின் தடை, சார்பு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்கையில் அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் தடை நான்கு மடங்காகும். ஆதலின் விடியலில் புறப்படுவது நன்று.

அடுத்துப் பற்சக்கரம். முன்னே 48 பல், பின்னே பிரீவீலில் 18 பல் எனக் கொள்வோம். 26 அங்குலச் சக்கரமாயின், ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.5 மீட்டர் நகரும். பின்னே 20 பல் பிரீவீல் மாட்டினால் 5 மீட்டரே நகரும். ஆயினும் மிதிக்கும் விசை பத்தில் ஒரு பங்கு குறையும். முழங்காலுக்கு அதுவே இதம். சங்கிலி போதாவிடில் பின்சக்கரத்தைச் சற்று முன்னே நகர்த்திப் பூட்டலாம்.

இருக்கையின் உயரம் முக்கியம். மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பின்பு முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சிறிதே மடங்கும். இருக்கைத் தண்டை உயர்த்தும்போது இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருத்தல் வேண்டும்.

சுமையைக் கைப்பிடியில் தொங்கவிடலாகாது, திருப்புவது கடினமாகும். கேரியரின் இருபுறமும் சம எடையாகத் தாழக் கட்டி, பழைய டியூப் பட்டையால் இறுக்குக. மழையில் எஃகு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை எளிதில் பிடிக்காது. முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பது உயிரைக் காக்கும்.

காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், ஸ்பேனர், டயர் நெம்பி ஆகியவை உடன் இருக்கட்டும்.

நண்பர்களே! பள்ளிப் படிப்போடு திண்ணையோரம் சாய்த்து வைத்த வண்டியைத் துடைத்து எண்ணெயிடுங்கள். பருவத்தேர்வு விடுமுறையில் பேருந்துக் கட்டணமின்றியே சோழநாட்டைக் கண்டு வரலாம்.