மலைப் பாதையில் மின்சாரப் பேருந்து

அரசுப் பேருந்துகள் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாற வேண்டுமா? இக்கேள்வி இன்று பட்டிமன்றத் தலைப்பாகவே ஆகிவிட்டது. நகரத்து நண்பர்கள் புகையைச் சுட்டிக்காட்டி 'ஆம்' என்கிறார்கள். நான் ஜவ்வாது மலையிலிருந்து கீழே வந்து பயிலும் மாணவன். ஆகவே இதனை மலையின் பக்கம் நின்று ஆராய விரும்புகிறேன். எங்கள் சிற்றூர்களுக்குப் பேருந்து வெறும் வசதி அன்று, உயிர்நாடி. சாமை மூட்டை சந்தைக்கு இறங்குவதும், பிள்ளைத்தாய்ச்சி மருத்துவமனைக்குச் செல்வதும், மாணவர் கல்லூரிக்கு வருவதும் அதனை நம்பித்தான். ஒரு நடை தவறினால் ஒரு நாளே போயிற்று!

புதுமை அன்று

மின்சாரப் போக்குவரத்து தமிழகத்துக்குப் புதியதன்று. சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. 1953இல் அது நின்றதற்குக் காரணம் மின்சாரத்தின் குறை அன்று. அதனை நடத்திய கம்பெனியின் நட்டமே. கடற்கரை - தாம்பரம் மின்ரயில் 1931இல் தொடங்கி இன்றும் ஓடுகிறது. 2025 ஜூன் மாதத்தில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் சென்னைச் சாலைகளுக்கு வந்தன.

சரி, சமவெளியில் ஓடுவது மலை ஏறுமா? இமாசலப் பிரதேசத்தில் 2017ஆம் ஆண்டிலேயே மணாலியிலிருந்து ரோதாங் கணவாய்க்கு மின்சாரப் பேருந்து விடப்பட்டது. அக்கணவாயின் உயரம் சுமார் 13,000 அடி. அதனோடு ஒப்பிட்டால் நம் மலை ஒரு குன்றே எனலாம்.

மலையின் கணக்கு

போளூர்ச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. மலைமேல் காவலூர் வானாய்வகம் இருக்குமிடம் சுமார் 725 மீட்டர். கணக்கிற்காக ஏற்றத்தை 500 மீட்டர் என்று கொள்வோம். பயணிகளோடு 15 டன் எடையுள்ள பேருந்தை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 20 யூனிட் மின்சாரம் வேண்டும். சாலையில் உருண்டு செல்வதற்கான செலவு தனி.

இறங்கும்போது என்ன நடக்கிறது? டீசல் வண்டி ஏறிச் சேர்த்த ஆற்றல் முழுவதும் பிரேக்கின் சூடாகவும் எஞ்சினின் முனகலாகவும் வீணாகிறது. மின்சார வண்டியில் சக்கரமே மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் அப்போது டைனமோவாகிப் பேட்டரிக்கு மின்சாரம் தருகிறது. ஏறக் கொடுத்ததில் ஒரு நல்ல பங்கு திரும்பக் கிடைக்கிறது. பிரேக்கின் தேய்மானமும் குறைகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு அதில் இடமிராது. எனவே மலையுச்சியில் முழுவதும் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்குவது பயனற்றது. அடிவாரப் பணிமனையில் நிரப்பிக்கொண்டு ஏறுவதே முறை. காற்றடித்து மரம் விழுந்து கம்பி அறுவது மலையில் அரிதன்று என்பதாலும் அதுவே பாதுகாப்பு.

மறுப்புகளும் விடைகளும்

"மின்சாரமும் நெய்வேலி நிலக்கரியில் வருவதுதானே? புகை இடம் மாறுகிறது, அவ்வளவே" என்பர் சிலர். இதில் பாதி உண்மை உண்டு. ஆயினும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருகப் பெருக, அதே பேருந்து ஆண்டுதோறும் தூய்மையாகிக்கொண்டே வரும். டீசல் வண்டிக்கு அப்பேறு இல்லை.

"விலை அதிகமாயிற்றே?" என்பது வலிமையான மறுப்பு. சென்னையில் தனியார் நிறுவனம் வண்டியை வாங்கி ஓட்ட, போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டர் கணக்கில் பணம் தருகிறது. கூட்டம் மிகுந்த நகரத்தில் இது நடக்கும். ஆனால் இருபது பேர் ஏறும் மலைத்தடத்தில்? வரவு குறைவு என்று நடையைக் குறைத்துவிட்டால், புகையற்ற பேருந்தினால் எங்களுக்கு என்ன லாபம்? மேலும், நகரத்துத் தாழ்தளப் பேருந்து மேடுபள்ளமும் கொண்டை ஊசி வளைவும் உள்ள எங்கள் பாதைக்கு ஒவ்வாது. நீளம் குறைந்த, தளம் உயர்ந்த வண்டியே வேண்டும்.

முடிவுரை

ஆக, மாற வேண்டும் என்பதே என் கருத்து; இயற்பியல் மலையின் பக்கமே நிற்கிறது. ஆனால் மாற்றத்துக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, அடிவாரத்தில் உறுதியான சார்ஜ் நிலையம். இரண்டாவது, மழைக்காலம் ஒன்றேனும் ஓடித் தேறும்வரை பழைய டீசல் வண்டியும் பணிமனையில் தயாராக இருத்தல். மூன்றாவது, இன்றுள்ள நடைகளில் ஒன்றும் குறையாது என்னும் எழுத்துப்பூர்வமான உறுதி.

பேருந்து எதனால் ஓடுகிறது என்பது அறிவியலின் கேள்வி. அது நாள்தோறும் எங்கள் ஊருக்கு வருகிறதா என்பது நீதியின் கேள்வி. முன்னதற்கு விடை கண்டவர்கள் பின்னதையும் மறவாதிருப்பார்களாக!