இரண்டு தெனாரியம்



2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், முதல் வெள்ளிக்கிழமையொன்றில், மாத்தளை மலைப்பகுதித் தோட்டமொன்றின் நோயாளருக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தேன். செபம் முடிந்ததும் முதிய தாயொருவர் தலையணைக்கு அடியிலிருந்து சிறு கடதாசிப் பொதியொன்றை எடுத்தார். உள்ளே உயர் குருதி அமுக்கத்திற்கான குளிசைகள். ஒவ்வொன்றும் பிளேட்டினால் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது.

"வைத்தியர் அரைக் குளிசைதான் போடச் சொன்னாரா அம்மா?" என்று கேட்டேன்.

"முழுசாத்தான் சொன்னாரு சாமி. ஆஸ்பத்திரியில இல்லன்னு வெளியில வாங்கத் துண்டு குடுத்தாங்க. முழுசாப் போட்டா பதினஞ்சு நாள்ல முடிஞ்சிரும். மகன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

மகனின் நாட்சம்பளம் அப்போது 1000 ரூபா. அதில் அரிசியும் வாங்க வேண்டும், பிள்ளைகளின் கொப்பிகளும் வாங்க வேண்டும். ஆகவே அந்தத் தாய் எவருக்கும் சொல்லாமல் தம் மருந்தைப் பாதியாக்கிக் கொண்டார். குளிசையைப் பாதியாக்கினால் செலவு பாதியாகலாம், ஆபத்து பாதியாவதில்லை. கட்டுப்படாத குருதி அமுக்கம் ஒருநாள் பக்கவாதமாக வந்து நிற்கும். அன்று அக்குடும்பம் இழப்பதை எந்தச் சம்பளத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாட்டினால் வருந்திய பெண்ணைச் சந்திக்கிறோம். அவள் தன் உடைமை அனைத்தையும் மருத்துவத்திற்கே செலவழித்துவிட்டாள் என்பதை நற்செய்தியாளர் மறவாமல் குறித்து வைத்திருக்கிறார். நோய் மட்டுமன்று, நோயின் செலவும் இறைவனின் பார்வைக்கு மறைவானதன்று. மருந்தை மண்ணிலிருந்து தோற்றுவித்தவர் ஆண்டவரே என்று சீராக் ஞானநூலின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. இறைவன் தந்த கொடை ஏழையின் கைக்கு எட்டாமற் போவது எங்ஙனம்?

இக்கேள்வியை ஓர் இலங்கையர் தம் வாழ்நாட் பணியாகவே ஏற்றார். கண்டி திரித்துவக் கல்லூரியில் கற்று, மருந்தியல் பேராசிரியராக உயர்ந்த சேனக பிபிலே அவர். ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுவதை அவர் கண்டார். 1971இல் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தார். அதன் பயனாக அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, மூலப்பெயரில், உலகளாவிய கேள்விமனு மூலம் மொத்தமாக வாங்குவதே அவரது வழி. 1977இல் அவர் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

அவர் கனவு முழுமையாக நிறைவேறவில்லை. 2015இல்தான் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. 2016இல் 48 வகை மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. ஆயினும் நம் மருந்துகளில் பெரும்பகுதி இறக்குமதியாவதால், 2022இல் ரூபா வீழ்ந்தபோது மருந்தின் விலை ஏறியது. மார்ச்சில் 29 வீத உயர்வுக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளின் உச்ச விலை 40 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 ஜூனில் 16 வீதக் குறைப்பு வந்தது. ஏறிய அளவுக்கு அது இறங்கவில்லை.

இந்நிலையில் நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவது, வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். "ஐயா, இதை வாங்க எனக்கு வசதி இல்லை" என்று கூறுவது வெட்கமன்று. அதே பலன் தரும் விலை குறைந்த மருந்து இருந்தால் அவர் மாற்றி எழுதக்கூடும். இரண்டாவது, மூலப்பெயரைக் கேட்டறியுங்கள். பனடோல் என்பது வர்த்தகப் பெயர். பரசிற்றமோல் என்பதே மருந்தின் பெயர். மற்ற மருந்துகளுக்கும் இவ்வாறே இரு பெயர்கள் உண்டு. ராஜ்ய ஒசுசலவிலும் விலையை விசாரியுங்கள். மூன்றாவது, வைத்தியர் சொல்லாமல் அளவைக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகளே, உங்கள் பெற்றோரின் மருந்துப் பொதியை இன்று திறந்து பாருங்கள். இந்நேரம் முடிந்திருக்க வேண்டிய குளிசைகள் மிஞ்சியிருந்தால், அன்போடு காரணம் கேளுங்கள்.

நல்ல சமாரியர் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. மறுநாள் சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகப் பொறுப்பேற்றார். ஒரு தெனாரியம் அக்காலத்தில் ஒரு கூலியாளின் நாட்கூலி. நோயாளியைச் சந்திக்கச் செல்லும் நாம், பழத்தோடும் பிஸ்கட்டோடும் திரும்பிவிடுகிறோம். "மருந்து இருக்கிறதா?" என்று கேட்பதில்லை. ஒவ்வொரு அன்பியமும் தன் எல்லைக்குள் உள்ள ஒரு நோயாளியின் ஒரு மாத மருந்தை ஏற்றுக்கொண்டால் எத்தனை தலையணைகளின் கீழுள்ள இரகசியங்கள் நீங்கும்!

அத்தாயின் மகனிடம், அவரது சம்மதம் பெற்றே பேசினேன். அவர் நெடுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்பு, "கேட்டிருக்கணும் சாமி" என்றார்.

நாமும் கேட்போம். குணமளிக்கும் ஆண்டவர் நம் கைகளையும் பயன்படுத்துவாராக. ஆமென்.