பள்ளிக்கூடம் பூட்டினால் பிள்ளை எங்கே?

2022 டிசம்பர் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை நாட்டின் அரச பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. ஊரடங்கோ வேலைநிறுத்தமோ அதற்குக் காரணமல்ல. ‘மாண்டஸ்’ புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்த நாட்கள் அவை. வடக்கே இருந்து வீசிய குளிர்காற்று இந்தியப் பக்கத்துத் தூசியையும் புகையையும் சுமந்துவந்து நம் நாட்டின் மேல் கவிந்தது. கொழும்பில் காற்று சுவாசிக்கத் தகாததாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் குளிரைத் தாங்க முடியாமல் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் இறந்தன. பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கும்படி கல்வி அமைச்சு சொன்னது.

குளிர், மழை, வெள்ளம், புயல் என்று இனியும் இப்படியான நாட்கள் வரும். அந்நாட்களில் பாடசாலையை மூடுவது சரிதானா? நான் வேலை செய்யும் கிராண்ட்பாஸ் பகுதியில் இதைப் பற்றித் தாய்மாரிடம் பல தடவை பேசியிருக்கிறேன்.

இரண்டு தாய்மார், இரண்டு பதில்கள்

யுத்தத்தில் கணவரை இழந்து வன்னியிலிருந்து வந்த ஒரு சகோதரி, புறக்கோட்டையில் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். நாட்சம்பளம். அவர் சொன்னார்: “மிஸ், பள்ளிக்கூடம் பூட்டு எண்டால் எனக்கும் வேலை பூட்டுத்தான். சின்னவளை ஆரிட்ட விட்டிட்டுப் போறது? கதவைப் பூட்டிப்போட்டுப் போனால் அடுப்பு, கரண்ட் எல்லாம் உள்ளுக்குத்தானே இருக்கு.”

அதே தோட்டத்தில் வசிக்கும் இன்னொரு தாயின் மகனுக்குத் தொய்வு வருத்தம். அவர் வேறு விதமாகச் சொன்னார்: “படிப்பு ஒருநாள் போனால் பிடிச்சிடலாம். மூச்சுப் போனால் பிடிக்கேலாது.”

இருவர் சொல்வதும் உண்மை. ஆகவே மூடுவதா திறப்பதா என்று மட்டும் கேட்டால் போதாது. மூடினால் பிள்ளை எங்கே இருக்கும், யாருடன் இருக்கும், என்ன சாப்பிடும் என்றும் கேட்க வேண்டும்.

வீடு எப்போதும் பாதுகாப்பானதா?

“பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும்” என்ற அறிவித்தல், வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதப்படுகிறது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்ற நிலையிலுள்ள பெண் தலைமைக் குடும்பத்தில் அப்படி ஒருவர் இல்லை. எங்கள் தோட்டங்களில் பல வீடுகள் ஒரே அறை கொண்டவை. சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். மண்ணெண்ணெய் அடுப்புப் புகையும் நுளம்புச் சுருள் புகையும் நிறைந்த அந்த அறையில் பிள்ளையைப் பூட்டி வைத்தால், வெளிக்காற்றிலிருந்து காப்பாற்றியதாகச் சொல்ல முடியுமா?

சாப்பாட்டையும் யோசிக்க வேண்டும். 2024 மார்ச் மாதம் முதல் அரச பாடசாலைகளில் ஐந்தாம் தரம் வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு வழங்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது. வாயிற்கதவு மூடினால் அந்த ஒரு நேர உணவும் இல்லை. தனியே விடப்படும் பெண் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய ஆபத்துக்களை இந்தப் பத்திரிகையின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பாடசாலை மூடப்படுவதன் விலையும் நமக்குத் தெரியும். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிப் பாடசாலைகளில் சனம் நிறைந்தது. பாடம் நின்றது. பின்னர் மரநிழலிலும் கொட்டிலிலும் வகுப்பு நடத்திய ஆசிரியர்கள், எழுத்தை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை; நாளை என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கையையும் கொடுத்தார்கள்.

மூடத்தான் வேண்டிய நாட்கள்

அதற்காக எந்த நாளும் திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கிராண்ட்பாஸ் களனி கங்கைக் கரையில் இருக்கிறது. கங்கையின் நீர்மட்டத்தை அளக்கும் இடங்களில் ஒன்று நமது நாகலகம் வீதியிலேயே உள்ளது. அங்கே 5 அடியை எட்டினால் சிறு வெள்ளம், 7 அடியை எட்டினால் பெரு வெள்ளம். 2016 மே மாதத்தில் கரையோர மக்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். 2024 ஜூன் 3ஆம் திகதி மோசமான காலநிலையால் நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ புயல் வந்தபோது உயர்தரப் பரீட்சையே இடையில் நின்றது. விடுமுறையிலிருந்த பாடசாலைகளில் பெரும்பாலானவை டிசம்பர் 16ஆம் திகதிதான் திறந்தன. பாதையில் வெள்ளம் ஓடும்போது பிள்ளையை அனுப்பச் சொல்வது பாவம்.

ஆனால் மூடும் அறிவித்தல் எப்போது வருகிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் சமவெளிப் பகுதியில் 1888 ஜனவரி 12ஆம் திகதி காலையில் இதமான வெயில் இருந்தது. பிள்ளைகள் தடித்த உடுப்பில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பின்னர் திடீரென்று பனிப்புயல் வீசியது. அதில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பள்ளியிலிருந்து வீடு திரும்பிக் கொண்டிருந்த பிள்ளைகள் அவர்களில் பலர். ஆபத்து வந்த பிறகு, பாதி நாளில் பிள்ளையைத் தெருவில் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு என்பதற்கு இது சாட்சி.

முழுவதும் மூடாமல் செய்யும் வழிகளும் உண்டு. 2024 ஜனவரியில் டெல்லியில் கடுங்குளிர் நிலவியபோது ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் மூடினார்கள். மேல் வகுப்புகள் காலை எட்டு மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்றார்கள். கனடாவில், ரொறன்ரோவில் உள்ள நமது உறவினரைக் கேட்டால், பனி நாட்களில் பாடசாலை பஸ் ஓடாது, ஆனால் பாடசாலை பெரும்பாலும் திறந்திருக்கும் என்பார்கள். அந்த அறிவித்தலும் அதிகாலையிலேயே வந்துவிடும்.

நாம் கேட்கக் கூடியவை

இங்கே ஒரு தாய், பிள்ளையை வாயிற்கதவு வரை கூட்டிச் சென்ற பிறகுதான் அன்று பாடசாலை இல்லை என்று அறிந்தார். வேலைக்குப் பிந்திப் போனதால் அரைநாள் சம்பளம் வெட்டப்பட்டது. இதைத் தவிர்க்கப் பெரிய பணம் தேவையில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நாம் எழுந்து பேசினால் போதும்.

1. அறிவித்தல் முதல்நாள் மாலைக்குள் வர வேண்டும். கைத்தொலைபேசி இல்லாத தாய்மாருக்கும் சேதி போய்ச்சேர, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு தாயைப் பொறுப்பாக நியமிக்கலாம்.

2. பாதை பாதுகாப்பாக இருந்து பாடம் மட்டும் நிற்கும் நாட்களில், ஒரு வகுப்பறையையாவது திறந்து வைக்கும்படி அதிபரிடம் கேட்போம். இரண்டு ஆசிரியர்களும் முறை வைத்து இரண்டு தாய்மாரும் இருக்கலாம். அன்றைய உணவையும் அங்கேயே கொடுக்கலாம்.

3. பாடசாலை இடைத்தங்கல் முகாமானால், எப்போது திரும்பப் பாடம் தொடங்கும் என்று கிராம சேவையாளரிடம் முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும்.

4. தொய்வு உள்ள பிள்ளையின் பெயரையும் மருந்தையும் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். காற்றோ குளிரோ மோசமான நாளில் அந்தப் பிள்ளையை வீட்டில் மறிப்பது தாயின் உரிமை; அதற்காகப் பிள்ளை ஏச்சு வாங்கக் கூடாது.

5. மழை நாட்களில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்குப் பேசி நிலைமையைக் கேட்டறியலாம்.

“நாங்கள் என்னத்தைச் சொல்ல, பெரியாக்கள் முடிவெடுப்பினம்” என்று பல சகோதரிகள் சொல்கிறார்கள். செல்லடிக்கும் நடுவில் எப்போது பங்கருக்குள் இறங்குவது, எப்போது வெளியே வருவது என்று முடிவெடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். ஒரு மழைநாளில் உங்கள் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்? அடுத்த கூட்டத்துக்குத் தனியே போகாமல், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.