உஷார்! பேட்டரிக்கு வாரண்டி சரி, சார்ஜருக்கு?

எலெக்ட்ரிக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, பேட்டரி போனால் என்ன செய்வது என்பதுதான். பதிலும் தயாராக இருக்கும்: “8 வருஷம், 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி சார். கவலையை விடுங்க.” அந்தத் தெம்பில்தான் பலரும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்புகிறார்கள். உஷார்! அந்த 8 வருஷம் பெரும்பாலும் பேட்டரிப் பெட்டிக்குத்தான். நாளைக்கு வண்டியில் சார்ஜ் ஏறாமல் நின்றால், கோளாறு அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

வீட்டுப் பிளக்கில் வருவது ஏ.சி. மின்சாரம். பேட்டரி கேட்பது டி.சி. இடையில் அதை மாற்றித் தருவது வண்டிக்குள்ளேயே இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அதற்குப் பக்கத்தில் இன்னொரு வேலைக்காரன் உண்டு. பெரிய பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரத்தைக் குறைத்து, எல்லாக் காரிலும் இருப்பதுபோல இதிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஊட்டுவது அவன் வேலை. முதலாவது செத்தால் வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏறாது, இரண்டாவது செத்தால் வண்டியே படுத்துவிடும். பெரிய பேட்டரியோ குத்துக்கல் மாதிரி நலமாக இருக்கும். ஹூண்டாய் அயோனிக் 5 இந்தியாவுக்கு வந்தபோது பேட்டரிக்கு 8 ஆண்டு, வண்டிக்கு 3 ஆண்டு என்று இரண்டு கணக்கு சொன்னார்கள். மற்ற நிறுவனங்களிடமும் ஏறக்குறைய இதே கதைதான். சார்ஜர் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை வாரண்டிப் புத்தகத்தில் தேடிப் படியுங்கள். விற்பனைப் பையன் வாயால் சொன்னது செல்லாது.

இது கற்பனைப் பயம் இல்லை. 2024 ஜூனில் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 அயோனிக் 5 கார்களை ரீகால் செய்தது. 2022 ஜூலை 21 முதல் 2024 ஏப்ரல் 30 வரை தயாரான வண்டிகள் அவை, அதுவும் நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பூட்டப்பட்டவை. காரணம், மேலே சொன்ன இரண்டு வேலைக்காரர்களையும் ஒரே பெட்டியில் அடைத்த கருவி, ஐ.சி.சி.யூ. என்பார்கள். அடுத்த மாதமே கியா தன் பங்குக்கு 1,138 ஈவி6 கார்களை அதே கோளாறுக்காக அழைத்தது. சாஃப்ட்வேர் போட்டு அனுப்பினார்கள். முடிந்ததா? 2025 பிப்ரவரியில் மறுபடியும் 1,380 ஈவி6 கார்களுக்கு, அதே கருவிக்கு, இன்னொரு சாஃப்ட்வேர். அமெரிக்காவிலும் இதே நாடகம்தான்: 2024 மார்ச்சில் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒன்றரை லட்சம் வண்டிகள் அளவுக்கு அழைத்தன, அதே ஆண்டு முடிவதற்குள் 2 லட்சத்துக்கும் மேல். ஆகவே “ஒரு தடவை ரீகாலுக்குப் போய்விட்டு வந்தாச்சு, இனிமேல் பிரச்சினை இல்லை” என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சேஸிஸ் எண்ணைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் மறுபடி கேளுங்கள்.

அந்தக் கருவி போகும் விதத்தை அமெரிக்காவில் ஓட்டியவர்கள் புகாராக எழுதியிருக்கிறார்கள். ‘டப்’ என்று ஒரு சத்தம். திரையில் எச்சரிக்கை. 12 வோல்ட் பேட்டரிக்கு இனி ஊட்டுவார் இல்லை. இருக்கும் சக்தியில் வண்டி தட்டுத்தடுமாறி ஓடும், வேகம் குறையும், பிறகு மொத்தமாக நின்றுவிடும். சேலம் புறவழிச்சாலையில் இது நடந்தால் ஓரம் கட்டலாம். ஏற்காட்டு அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், பதினான்காவது வளைவில், சாயங்கால மூட்டத்தில், பின்னால் அரசுப் பேருந்து ஹார்ன் அடிக்கும்போது நடந்தால்? எச்சரிக்கை வந்த பிறகும் “இன்னும் ஆறு வளைவுதானே, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று நினைப்பதுதான் ஆபத்து. முதலில் கிடைக்கும் அகலமான இடத்தில் நிறுத்துங்கள். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல் ஏற்றிப் போகும் லாரிதான் வேண்டும் என்று சாலை உதவிக்குச் சொல்லும்போதே அழுத்திச் சொல்லுங்கள். கயிறு கட்டி இழுத்தால் சக்கரத்தோடு மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். இருக்கிற கோளாறு போதாதென்று இன்னொன்று சேரும், “தவறாக இழுத்தீர்கள்” என்று வாரண்டிக்கும் கை விரிப்பார்கள். மழைக்காலத்தில் லாரியே ஏற முடியாமல் போகலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து மலைப்பாதைப் போக்குவரத்து நின்றது நினைவிருக்கும்.

பேட்டரிப் பெட்டியே பழுதான கதையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2020 டிசம்பரில் ஹூண்டாய் கோனா எலெக்ட்ரிக் கார்கள் 456 இங்கே சோதனைக்கு அழைக்கப்பட்டன. மறு ஆண்டு உலகம் முழுக்க சுமார் 82,000 கோனா உள்ளிட்ட வண்டிகளின் பேட்டரியை மாற்றுவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அந்த மாதிரிப் பெரிய விவகாரத்தில் நிறுவனமே முன்வந்து மாற்றித் தரும். நம்மைப் போன்ற தனி ஆளுக்கு வரும் சில்லறைக் கோளாறில்தான் இழுபறி.

இழுபறி தொடங்கும் இடம் பெரும்பாலும் சுவரில் இருக்கும் பிளக். ஏற்காட்டுப் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டியை இவ்வளவு உயரம் தூக்கவே ஏறக்குறைய 6 யூனிட் மின்சாரம் போய்விடும். சாலை, காற்று, ஏசி செலவெல்லாம் தனி. 30 யூனிட் பேட்டரிக்காரருக்கு ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கே காலி. மேலே போனதும் தங்கும் இடத்தில் சார்ஜ் போடத் தோன்றுவது இயல்புதான். பழைய எஸ்டேட் பங்களா, காப்பித் தோட்டத்து ஹோம்ஸ்டே, லைன் கடைசியில் லோ வோல்டேஜ். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பாறை மலை. எர்த் குழி போட்டவர் எவ்வளவு ஆழம் தோண்டினார், உப்பும் கரியும் எப்போது போட்டார், கோடையில் யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்பதெல்லாம் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பாறையில் காய்ந்து கிடக்கும் எர்த், இல்லாத எர்த்துக்குச் சமம்.

வண்டியோடு தரும் போர்ட்டபிள் சார்ஜர் இதைக் கண்டுபிடித்துச் சிவப்பு விளக்கைக் காட்டும், சார்ஜ் ஏற்றாது. அது கோளாறு இல்லை, காவல். ஆனால் இந்தக் காவலை ஏமாற்ற ஒரு சின்ன பிளக் கடைகளிலும் இணையத்திலும் விற்கிறார்கள். அதைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: எர்த் பின்னுக்குப் போக வேண்டிய வயர் நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருக்கும், அல்லது இடையில் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். சார்ஜர் “எர்த் இருக்கிறது” என்று நம்பிப் பச்சை விளக்கைப் போட்டுவிடும். சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலோ, கம்பத்தில் நியூட்ரல் அறுந்தாலோ, அந்த முடிச்சு வழியாக 230 வோல்ட் நேராக வண்டியின் உடம்புக்கு வரும். டயர் ரப்பர், மின்சாரம் தரைக்கு இறங்காமல் வண்டியிலேயே நிற்கும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் வந்து கதவைத் தொடுகிறவர் மேல் இறங்கும். ஹோம்ஸ்டேக்காரர் உபகாரமாக “இதைப் போட்டுப் பாருங்கண்ணா, எல்லாருக்கும் ஏறுது” என்று நீட்டினாலும் வாங்காதீர்கள். உயிர் ஒரு பக்கம். சார்ஜர் எரிந்தால் வாரண்டியைக் கை கழுவ சர்வீஸ் சென்டருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. உருகிய பிளக் பின்னும் அதே ரகம்: மெல்லிய வயர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டில் இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் கருகிய பின்னோடு போய் நின்றால் “வெளிக்காரணம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சித்திரை, வைகாசி இடிமழையிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே புத்தி.

சார்ஜ் நன்றாக ஏறிவிட்டது என்றாலும் மலை உச்சியில் 100 சதவீதம் வரை விடாதீர்கள். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பும். பேட்டரி நிரம்பி வழிந்தால் பல வண்டிகளில் அந்த வேலை நடக்காது. 20 வளைவுக்கும் பிரேக் பேட்தான் தேயும், சூடேறும். 80 போதும், மிச்சத்தை மலை தரும்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை. அப்போது சண்டை போடுவதற்கு முன் சாட்சி சேருங்கள். திரையில் வரும் எச்சரிக்கையை, சார்ஜர் விளக்கை, தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். வேறொரு இடத்து ஏ.சி. பிளக்கில் போட்டுப் பாருங்கள். பிறகு ஒரு டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில். டி.சி. நேராகப் பேட்டரிக்குப் போவது; ஆன்போர்டு சார்ஜரைத் தொடாது. டி.சி. ஏறி, எந்த ஏ.சி.யிலும் ஏறவில்லை என்றால் சந்தேகம் சார்ஜர் மேல். உங்கள் வீட்டு எர்த் மேல் பழி போட முடியாது. இரண்டிலும் ஏறவில்லை என்றால் கோளாறு சார்ஜரைத் தாண்டி இன்னும் உள்ளே இருக்கலாம். கூடவே, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, அளவை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு போடும்போது அவர் “சார்ஜிங் செக்” என்று இரண்டு வார்த்தையில் எழுதுவார். விடாதீர்கள். “எந்த ஏ.சி. பிளக்கிலும் ஏறவில்லை, டி.சி.யில் ஏறுகிறது, இந்தத் தேதியிலிருந்து” என்று உங்கள் வாக்கியத்தை எழுத வையுங்கள். பழுதுக் குறியீடுகளைப் படம் எடுங்கள். ரீசெட் செய்து “நார்மலா இருக்கு சார்” என்று கொடுத்தாலும் அந்த ஜாப் கார்டைப் பத்திரமாக வையுங்கள். மூன்றாம் வருஷம் முடிந்து மறுபடி சார்ஜ் நின்றால், கோளாறு வாரண்டிக்குள்ளேயே தலைகாட்டியது என்று சொல்ல அந்தக் காகிதம் ஒன்றுதான் இருக்கும். வாரண்டி கிடையாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலே போதும். வாயால் “கிடையாது” என்கிறவர் எழுதும்போது கொஞ்சம் யோசிப்பார்.

அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருக்கட்டும், ஏற்காட்டுக்காரர் சேலம் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த விலை 50 லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். இங்கேதான் வேடிக்கை: 2023 ஜனவரியில் 44.95 லட்சத்துக்கு வந்த அயோனிக் 5க்கு சேலம், 2022இல் 59.95 லட்சத்தில் தொடங்கிய ஈவி6க்கு மாநில ஆணையம். கருவி ஒன்று, கோளாறு ஒன்று, படியேற வேண்டிய கோர்ட் வேறு. 20 முதல் 50 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். கோளாறு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். “பார்ட்ஸ் வருது சார், அடுத்த மாசம்” என்ற பேச்சில் அந்த 2 ஆண்டு கரைந்துவிடும், ஜாக்கிரதை.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு தனி உஷார். இப்போது சில நிறுவனங்கள் பேட்டரிக்கு “லைஃப்டைம் வாரண்டி” என்று விளம்பரம் செய்கின்றன. அந்த லைஃப் முதல் உரிமையாளருடையது. மஹிந்திராவின் புது எலெக்ட்ரிக் கார்களில் பெயர் மாறிய அன்றே அது 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் ஆகிவிடும், எம்.ஜி. விண்ட்சரில் 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர். டாக்சியாக ஓடியதா என்பதையும் ஆர்.சி.யில் பாருங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணை வாங்கி, ரீகால் பாக்கி இருக்கிறதா, சார்ஜர் எப்போதாவது மாற்றப்பட்டதா, மாற்றியிருந்தால் அந்தப் புதுச் சார்ஜருக்கு எத்தனை நாள் வாரண்டி என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்கிறவர் எண்ணைத் தரத் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள்.