நூற்றில் ஒன்று

நியூசிலாந்தின் வடதீவில், மாட்டமாட்டா என்ற சிற்றூருக்கு அருகே 1,250 ஏக்கரில் ஒரு குடும்பத்தின் கால்நடைப் பண்ணை இருக்கிறது. அதில் 12 ஏக்கர் மட்டும்தான் ஹாபிட்டன் என்ற படப்பிடிப்புக் கிராமம். பண்ணைப் பரப்பில் இது 0.96 விழுக்காடு, அதாவது நூற்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. மீதி 1,238 ஏக்கரில் ஆடுமாடுகள் மேய்கின்றன. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படவரிசையை விரும்புகிறவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்து புறப்பட்டு, ஆக்லாந்தில் இறங்கி, சுமார் 160 கிலோமீட்டர் சாலையில் பயணம் செய்து வருவது அந்த 12 ஏக்கருக்காக.

படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு இந்த இடத்தைக் கண்டது 1998 செப்டம்பரில். 1999 மார்ச்சில் வேலை தொடங்கியது. நியூசிலாந்து இராணுவத்தின் மண் அள்ளும் எந்திரங்கள் வந்து 1.5 கிலோமீட்டர் சாலை போட்டன. பதப்படுத்தாத மரம், ஒட்டுப்பலகை, தெர்மோகோல் ஆகியவற்றால் 39 வளைவீடுகள் எழுந்தன. கட்ட 9 மாதம் ஆயிற்று, படமெடுக்கச் சுமார் 3 மாதம். ஒரு மாதப் படப்பிடிப்புக்கு மூன்று மாதக் கட்டுமானம் என்பது கணக்கு. ஆட்கள் மிகுந்திருந்த நாள்களில் 400 பேர் அந்தப் பண்ணையில் இருந்தார்கள்.

படம் முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்றிவிடுவதுதான் ஒப்பந்தம். 150-க்கும் மேற்பட்ட படப்பிடிப்பு இடங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அப்படியே நடந்தது. படத்தில் வரும் எடோராஸ் நகரம் நின்ற 611 மீட்டர் உயரக் குன்றான மவுண்ட் சண்டேயில் இன்று புல்லும் காற்றும்தான். மாட்டமாட்டாவில் மட்டும் மழை குறுக்கிட்டு இடிப்பு வேலை நின்றது. 39 வீடுகளில் 17-இன் வெற்று ஒட்டுப்பலகை முகப்புகள் மிஞ்சின. 44 விழுக்காடு எச்சம். கதவுக்குப் பின்னால் அறை கிடையாது, மண்தான். 2002-இல் கட்டணம் கொடுத்து மக்கள் பார்க்க வந்தது இந்த 17 பலகைகளைத்தான். இந்த வரலாற்றில் என்னை அதிகம் நெகிழச் செய்யும் எண் இதுவே. பார்க்க ஏதும் இல்லாத இடத்திலும், கதை நடந்த இடத்தில் நின்றால் போதும் என்று வந்தவர்கள் அவர்கள்.

'ஹாபிட்' படங்களுக்காக இதே இடம் மீண்டும் எழுந்தது. இம்முறை நிலைத்து நிற்கும் பொருள்களால் 44 வீடுகள். கட்ட இரண்டு ஆண்டு, அங்கே படமெடுத்தது 12 நாள். படப்பிடிப்பு நாள் ஒன்றுக்கு இரண்டு மாத உழைப்பு. படத்துக்கு இவ்வளவு உறுதி தேவையில்லை. பின்னால் வரப்போகும் பார்வையாளர்களுக்காகவே கட்டியிருக்கிறார்கள் என்று கொள்வதே கணக்குக்குப் பொருந்துகிறது.

கதைநாயகனின் வீடான பேக் எண்டின் மேலே நிற்கும் கருவாலி மரம் அந்த உழைப்பைக் கிட்டத்தில் காட்டும். முதல் படத்தின்போது மாட்டமாட்டாவுக்கு அருகிலிருந்த உண்மை மரமொன்றை வெட்டிக் கொண்டுவந்து, பட்ட கிளைகளில் தைவானிலிருந்து வந்த இலைகளைக் கம்பியால் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். இரண்டாம் முறை மரமே செயற்கை. எஃகு எலும்பும் சிலிக்கோன் தோலுமாக நிற்கும் அதில் சுமார் 2,00,000 இலைகள். 12 நாள் படப்பிடிப்புக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 16,667 இலை. காற்றடிக்கும்போது அந்த இலைகள் அசைகின்றன, ஒன்றும் உதிர்வதில்லை.

இவையெல்லாம் நாட்டுக்கு எத்தனை பேரைக் கொண்டுவந்தன? 1999-இல் நியூசிலாந்துக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 16 இலட்சம், 2004-இல் சுமார் 23 இலட்சம். 7 இலட்சம் கூடுதல், ஏறத்தாழ 44 விழுக்காடு உயர்வு. இதை முழுவதும் படத்தின் கணக்கில் எழுதும் வழக்கம் உண்டு. 2004-இல் பயணிகளிடமே கேட்டபோது, வந்ததற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகப் படத்தைச் சொன்னவர்கள் 6 விழுக்காட்டினர். முதன்மையான அல்லது ஒரே காரணம் என்றவர்கள் 1 விழுக்காட்டினர். 23 இலட்சத்தில் 6 விழுக்காடு 1.38 இலட்சம். கூடுதலாக வந்த 7 இலட்சத்தோடு ஒப்பிட்டால், தாராளமாகக் கணக்கிட்டாலும் ஐந்தில் ஒரு பங்கு. 1 விழுக்காடு என்பது 23,000 பேர், அந்த உயர்வில் 3.3 விழுக்காடு.

அந்த 1 விழுக்காட்டினர் செலவிட்டதாக மதிப்பிடப்பட்ட தொகை 3.28 கோடி நியூசிலாந்து டாலர். தலைக்குச் சுமார் 1,430 டாலர். சிறிய தொகையில்லை. ஆனால் ஒரு நாட்டின் சுற்றுலாவைத் தாங்கும் தூணும் இல்லை. படம் கூட்டத்தைப் பெருக்கியதைவிட, வந்த கூட்டத்தைச் சில இடங்களில் குவித்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

குவியும் இடம் பண்ணையாக இருந்தால் சமாளிக்கலாம். 2024-இல் ஹாபிட்டனுக்குப் பெரியவர் கட்டணம் 120 நியூசிலாந்து டாலர். வழிகாட்டியோடுதான் நுழையலாம். பாதை தேய்ந்தால் சீரமைக்க அந்தப் பணமே இருக்கிறது. படத்தில் அழிவுமலையாக வந்த மலை நிற்கும் டோங்காரிரோ தேசியப் பூங்காவின் ஒருநாள் நடைபாதைக்கோ கட்டணம் 0 டாலர். நீளம் சுமார் 20 கிலோமீட்டர், கடக்க 6 முதல் 8 மணி நேரம். ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நடக்கிறார்கள், நெரிசல் மிகுந்த நாளில் 2,000 பேருக்கு மேல். 2,000 பேரை அந்த நீளத்தில் சீராகப் பரப்பினாலும் 10 மீட்டருக்கு ஒருவர். எல்லோரும் படத்துக்காக வருவதில்லை, எரிமலை ஏரிகளுக்காக வருவோர் ஏராளம். தொடக்க இடத்தில் 2017 முதல் நெரிசல் மிகுந்த பருவத்தில் வண்டி நிறுத்த 4 மணி நேர வரம்பு இருக்கிறது. 6 மணி நேர நடைக்கு அது போதாது என்பதால் நடப்பவர்கள் வாடகைப் பேருந்துக்கு மாறவேண்டியதாயிற்று.

பயணிகளிடம் நாடு வசூலிக்கும் வரி 2019-இல் 35 டாலர். 2024 அக்டோபரில் 100 டாலர் ஆயிற்று, 186 விழுக்காடு ஏற்றம். ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. ஏற்றம் கடுமையானதுதான். ஆனால் கட்டணமில்லாத பாதைகளைக் காக்க இப்படித்தான் பணம் வரவேண்டும்.

டோங்காரிரோ பூங்காவின் கரு, 1887-இல் மாவோரி இனத்தின் தூஃபரெத்தோவா குலத் தலைவர் தே ஹெயுஹெயு துகினோ அரசிடம் ஒப்படைத்த சுமார் 2,640 ஹெக்டேர். இன்று பூங்கா ஏறத்தாழ 79,600 ஹெக்டேர், 30 மடங்கு. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1990-இல் இயற்கைக்காகச் சேர்ந்தது. 1993-இல் பண்பாட்டுக்காகவும் சேர்ந்தது. மலைக்கும் மக்களுக்கும் உள்ள உறவைக் கணக்கில் கொண்ட புதிய வரையறையின்படி உலகில் முதலில் ஏற்கப்பட்ட இடம் இதுதான்.

அழிவுமலையாகத் திரையில் தோன்றிய ங்கவுருஹோயேயின் உயரம் 2,291 மீட்டர். அதன் உச்சி குலத்தாருக்குப் புனிதமானது என்பதால் அங்கே படமெடுக்க அனுமதி தரப்படவில்லை. மலைச்சரிவுக் காட்சிகள் சில பக்கத்து ருவாபெஹுவில் எடுக்கப்பட்டன. கேமரா ஏறாத அந்த உச்சிக்குப் படம் பார்த்தவர்கள் ஏறத் தொடங்கினார்கள். இப்போது உச்சிக்கு வழிகாட்டும் குறிகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஏறவேண்டாம் என்பது வேண்டுகோள்தான், அபராதம் இல்லை. நடைபாதையின் மிக உயர்ந்த இடமான செங்குழி 1,886 மீட்டரில் இருக்கிறது. அங்கே நின்றால் மலை முழுவதும் தெரியும். குலத்தார் நம்மிடம் விட்டுவிடச் சொல்லும் உயரம் அதற்கு மேலுள்ள 405 மீட்டர்.