எள்ளலும் இல்லமும்
(வளரிளம் பருவத்தாரிடையே துன்புறுத்தலும் பெற்றோரின் வளர்ப்பு முறையும்)

நகை எனும் மெய்ப்பாடு தோன்றுதற்குரிய நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலையே முதலில் வைத்தார். இளமை, பேதைமை, மடன் என்பன அதன் பின்னரே வருகின்றன. இதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவது நம் சிந்தனைக்குரியது. வகுப்பறையில் தன்னைக் கேலி செய்து மற்றவர் சிரிக்கும்போது, தானும் உடன் சேர்ந்து சிரித்துவிடும் மாணவனை ஆசிரியர்களாகிய நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ‘அவனே சிரிக்கிறானே, நமக்கென்ன’ என்று கடந்தும் சென்றிருக்கிறோம்.

அச்சிரிப்பின் பின்னுள்ள துயரை முறையான ஆய்வுக்கு உட்படுத்திய முன்னோடி டான் ஒல்வேயஸ் எனும் உளவியல் அறிஞர் ஆவார். 1970களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டுப் பள்ளிச் சிறுவரிடையே அவர் தம் ஆய்வைத் தொடங்கியபோது, இது சிறுவர் விளையாட்டு என்றே பலரும் எண்ணினர். 1982ஆம் ஆண்டின் இறுதியில் அண்டை நாடாகிய நார்வேயின் வடபகுதியில் 10 முதல் 14 வயது வரையிலான மூன்று சிறுவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். உடன் பயின்றோரின் கொடுமையே இதற்குக் காரணமாக இருத்தல் கூடும் என்ற செய்தி அந்நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே நார்வே அரசு நாடு தழுவிய தடுப்பு இயக்கத்தைப் பள்ளிகளில் தொடங்கிற்று.

நண்பர்கள் ஒருவரையொருவர் நையாண்டி செய்வதெல்லாம் துன்புறுத்தல் ஆகாது. தீங்கு செய்யும் நோக்கம், அது மீண்டும் மீண்டும் நிகழ்தல், இருவரிடையே வலிமை ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றும் கூடிய இடத்தையே ஒல்வேயஸ் துன்புறுத்தல் என்றார். கைபேசியும் இணையமும் வந்த பின்னர் இம்மூன்றும் உருமாறின. வலியவன் உடல் வலிமை உடையவனாக இருக்க வேண்டியதில்லை. முகம் காட்டாதவனாக இருந்தால் போதும். ஒருமுறை இட்ட படம் நூறு கைகளுக்குச் சென்று நூறு முறை நிகழ்கிறது. மாலை மணி அடித்தவுடன் பள்ளியோடு நின்றுவிட்ட துன்பம், இன்று பிள்ளையின் தலையணைக்கடியில் கிடக்கிறது.

இனி, இல்லத்துக்கு வருவோம். பிறரைத் துன்புறுத்தும் பிள்ளை எத்தகைய வீட்டிலிருந்து வருகிறது? ஒல்வேயஸ் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வினாவை எடுத்துக்கொண்டது. தாயின் அன்பின்மை, பிள்ளையின் முரட்டுத்தனத்தைக் கண்டும் காணாமல் விடுதல், அடித்தும் உரத்துக் கத்தியும் அடக்குதல், பிள்ளையின் இயல்பான குணம் ஆகிய நான்கும் சேர்ந்தே வளரிளம் பையன்களின் வன்போக்கை உருவாக்குகின்றன என்பது அதன் முடிவு. (தந்தையைவிடத் தாயையே ஆய்வுகள் மிகுதியும் கேள்விக்குட்படுத்துவது ஒரு குறையே என்பது என் கருத்து.) இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. செல்லம் கொடுத்தலும் கொடுமை செய்தலும் எதிரெதிரானவை என்று நாம் நினைக்கிறோம். ஆயின், தம்பியை அடித்தபோது கேளாமல் விட்டுவிட்டு, தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது பிரம்பெடுக்கும் தந்தையிடம் இவ்விரண்டும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற ஒரே பாடத்தையே அவ்விரு செயல்களும் அப்பிள்ளைக்குக் கற்பிக்கின்றன.

பெற்றோரின் வளர்ப்பு முறைகளை வகைப்படுத்தியவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயானா பௌம்ரிண்ட். 1960களில் அவர் கண்ட வகைகள் மூன்று. ஏன் என்று கேட்க இடந்தராத அடக்குமுறை வளர்ப்பு, கேட்டதையெல்லாம் தந்து எதையும் தடுக்காத வளர்ப்பு, கண்டிப்போடு காரணமும் கூறிப் பிள்ளையின் சொல்லுக்கும் செவிசாய்க்கும் நெறிப்படுத்தும் வளர்ப்பு என்பன அவை. 1983ஆம் ஆண்டில் மக்கோபி, மார்ட்டின் எனும் இருவர் எதையும் கவனியாத நான்காம் வகையை இவற்றோடு சேர்த்தனர்.

துன்புறுத்தும் பிள்ளையைப் போலவே துன்புறும் பிள்ளையின் வீடும் ஆராயப்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய 70 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து நோக்கினர். வன்மையான வளர்ப்புக்கும் பிள்ளைகள் துன்புறுவதற்கும் தொடர்பிருப்பது வியப்பன்று. அளவு மீறிய பாதுகாப்புக்கும் அத்தொடர்பு இருப்பதே சிந்திக்கத்தக்கது. எல்லாச் சண்டையிலும் தாயே முன்வந்து நின்றால், தனக்காகத் தானே ஒரு சொல் சொல்லப் பிள்ளை எங்கே கற்கும்?

ஆனால், தொடர்பு வேறு, காரணம் வேறு. முரட்டுப் பிள்ளையைப் பெற்றவர் நாளடைவில் கடுமையானவராக மாறுவதும் உண்டு. மேலும், கண்டிப்பு எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருவதன்று. சீனக் குடும்பங்களில் கண்டிப்பு அன்பின்மையின் அடையாளமாகாது, அக்கறை மிக்க பயிற்சியாகவே கொள்ளப்படுகிறது என 1994ஆம் ஆண்டில் ரூத் சாவ் எடுத்துக்காட்டினார். மேலை நாட்டு அளவுகோலை அப்படியே கொண்டுவந்து நம் வீட்டுப் பெரியோரை ‘அடக்குமுறையாளர்’ என்று முத்திரை குத்துவது பொருந்தாது.

எனினும், இணையவழித் துன்புறுத்தலைப் பொறுத்தவரை எவ்வீட்டுக்கும் பொதுவான ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பிள்ளைக்கு நேர்ந்ததைப் பெற்றோர் எவ்வாறு அறிவர்? கண்காணித்து அறியலாம் என்பதே பலரின் விடை. சுவீடனைச் சேர்ந்த ஸ்டாட்டின், கெர் எனும் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் 14 வயதினரையும் அவர்தம் பெற்றோரையும் வினவி, இவ்விடை பெரிதும் பிழை எனக் காட்டினர். பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி அறிந்தவற்றுள் மிகுதியானவை, பிள்ளை தானாக வந்து சொன்னவை! துருவித் துருவிக் கேட்டு அறிந்தவை குறைவே.

பிள்ளைகள் தாமாகச் சொல்கின்றனரா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூவோனென், கிராஸ் ஆகியோர் 12 முதல் 17 வயது வரையிலான 1,454 பேரிடம் நடத்தி 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் நேர்ந்ததைப் பெரியவர்களிடம் சொல்வதில்லை என்றோர் 90 விழுக்காட்டினர். தாமே சமாளிக்கக் கற்க வேண்டும் என்பது அவருள் பலர் கூறிய காரணம். பெற்றோர் அறிந்தால் இணையத்தைத் தடுத்துவிடுவர் என அஞ்சியோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்.

இந்த எண்ணிக்கையைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தவன் முதலாமாண்டு மாணவன் ஒருவன். அவனுடைய முகத்தை விலங்கின் உடலோடு ஒட்டி, உடன் பயில்வோர் வாட்சப் குழுவில் மாதக்கணக்கில் சுற்றுக்கு விட்டிருந்தனர். அவனும் அதற்குச் சிரிப்புக் குறி இட்டு வந்தான். வருகைப் பதிவு குறைந்த பின்னரே எனக்குத் தெரிய வந்தது. “வீட்டில் ஏனப்பா சொல்லவில்லை?” என்றேன். “போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சார்” என்றவன், சற்றுப் பொறுத்து, “அத்தாவுக்குத் தெரிந்தால் அம்மாவைத்தான் ஏசுவார்கள்” என்றான்.

அவன் தந்தை வளைகுடா நாடொன்றில் பணிபுரிபவர். நாள்தோறும் இரவில் பேசுவார். படித்தாயா, தொழுதாயா, சாப்பிட்டாயா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் ‘ஆமாம் அத்தா’ என்று ஒரே விடை. அன்பில்லாத தந்தை அல்லர். குடும்பத்துக்காகவே பாலையில் வியர்வை சிந்துபவர். ஆயினும் அக்கேள்விகளுள் எதுவும் மகனைப் பேச வைப்பதாக இல்லை. நம் ஊர்களில் இத்தகைய வீடுகள் எத்தனை என்பதை ஜமாஅத்துப் பெரியோர் என்னைவிட நன்கறிவர்.

போனைப் பறிப்பதனால் துன்பம் நிற்பதில்லை. படம் மற்றவர் கைகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சான்றும், உற்ற நண்பர் இருவருடனான தொடர்புமே பிள்ளையிடமிருந்து பறிபோகின்றன. செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்தல், அனுப்பியவரைத் தடைசெய்தல், கல்லூரியின் பகடிவதைத் தடுப்புக் குழுவிடம் எழுத்தில் தருதல், அச்சுறுத்தலாயின் 1930 எனும் இணையக் குற்ற உதவி எண்ணையோ, சிறாராயின் 1098 எண்ணையோ அழைத்தல் ஆகியவை செய்யத்தக்கன. தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் 1997ஆம் ஆண்டு முதலே நடைமுறையில் உள்ளது.

அம்மாணவன் முதலில் தன் தாயிடம் சொன்னான், நான் உடனிருந்தேன். அவ்வம்மையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இத்தனை நாளா தனியாவா வச்சிருந்தே?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு தந்தையிடமும் அவரே பேசினார். மறுவாரம் துறைத் தலைவர் முன்னிலையில் அக்குழுவினர் படங்களை அழித்தனர். போன் அவன் கையிலேயே இருந்தது.